ஓடுபாதைக்கு அடியில் இருக்கும் சரசக்காவுக்கு

எப்போதும் பதின்மூன்று வயதிலேயே இருக்கிற என் அக்காவுக்கு,

எத்தனையோ வருடமாக உனக்கு ஒரு கடுதாசி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். விலாசம் எது என்பதில்தான் குழப்பம். குன்னூரில் நம் வீட்டுப் பின்புறம், தேயிலைச் சரிவு தொடங்குகிற இடத்தில் நட்டு வைத்திருக்கும் கல்லுக்கு எழுதுவதா, கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு எழுதுவதா? இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா போய்விட்டாள் அக்கா. ஐப்பசி மழையில், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். வயதாகிப்போன இதயம், முடிந்த மட்டும் பார்த்தார்கள். கடைசிவரை அவளுக்கு உன் கவலைதான். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமலே கண்ணை மூடினால், போன இடத்தில் உன்னை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை.

உனக்கு அந்தப் பழைய ஏரோட்ரோம் நினைவிருக்கிறதா? நம் பருத்திக்காட்டை ஒட்டி, வேலி என்று பெயருக்கு இரண்டு கம்பி. தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுவதற்குக் கம்பத்தில் தொங்கும் துணிக்குழாய். விமானம் வருகிற நேரம் பார்த்து ஒரு காவல்காரர் சைக்கிளில் ஓடுபாதை நெடுகப் போய் ஆடுகளைத் துரத்துவார். அதில் பாதி நம் ஆடு. "ஆருதுடா இந்த ஆடு? புடிச்சுக் கட்டிப்போட்டன்னா தெரியும்!" என்று அவர் கத்தும்போது, நீ பருத்திச் செடிக்குள் குனிந்துகொண்டு என் வாயையும் சேர்த்துப் பொத்துவாய். உன் உள்ளங்கையில் பருத்திக்கொட்டை வாசம் அடிக்கும்.

அம்மாவுக்கு அந்த விமானம்தான் கடிகாரம். "பிளேன் போயிருச்சு பாரு, அய்யனுக்குச் சோறு கொண்டுட்டு போ அம்முணி" என்பாள். ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா, நமக்கு அய்யன். மழைக்காலத்தில் விமானம் வராத நாட்களில் அய்யன் பசியோடு வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். பெட்டியோடு சேர்த்து ஆளையும் தராசில் நிறுத்துத்தான் ஏற்றுவார்களாம் என்று எங்கிருந்தோ கேட்டு வந்து, "அப்ப நம்ம பெரியம்மா ஏறுனா பிளேன் எந்திரிக்கவே எந்திரிக்காது" என்றாய். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு உன்னைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

அந்தப் புரட்டாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது; எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஈரத்துணி, கஷாய நெடி, அய்யன் மாட்டுவண்டியைப் பூட்டியது, பூட்டிய வண்டியைத் திரும்ப அவிழ்த்தது. கல்யாணமாகாத பெண் என்பதால் உன்னை எரிக்கவில்லை. நம் காட்டிலேயே கிணற்று மேட்டுக்குக் கிழக்கே வேம்படியில் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்து இறங்கியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நீ எங்களுக்குக் கன்னித் தெய்வம் ஆனாய். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உன் மேட்டில் பொங்கல் வைத்து, புதுப் பாவாடை சட்டையும் கண்ணாடி வளையலும் படைத்து, கும்பிட்டுவிட்டு ஓலைப்பெட்டியில் வைப்போம். அடுத்த தையில் புதுசு வரும்போது பழையதை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பார்கள். வீட்டுப் பெண்பிள்ளை என்றால் நான்தானே. தையல்காரர் எப்போதும் உன் அளவுக்கே வெட்டுவார். முதலில் எனக்கு அது தரையில் புரண்டது, பிறகு சரியாக இருந்தது, ஒரு வருடம் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. உன்னைத் தாண்டி வளர்ந்துவிட்டேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. சொன்னால் நம்பமாட்டாய், அந்தப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பயந்து அழுதேன். அக்காவுக்கு மூத்தவளாக எப்படி இருப்பது என்று எனக்கு யாருமே சொல்லித்தரவில்லை.

பாவாடைக்கு நிறம் சொல்வது நீதான். தை பிறப்பதற்குள் ஏதாவது ஒரு நாள் அம்மாவின் கனவில் வந்து நிற்பாய். "இந்த வருசம் கிளிப்பச்சை கேக்கறா" என்று விடிந்ததும் சொல்லுவாள். ஒரு தடவை நீ அரக்கு கேட்டு, கடையில் அரக்கு கிடைக்காமல் அய்யன் திருப்பூர்வரை போய் வாங்கி வந்தார். செத்த பிள்ளையின் பிடிவாதம் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வருமா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு சேதி வந்தது. பெரிய விமானங்கள் வரப்போகின்றன, அவற்றுக்கு இந்த ஓடுபாதை போதாது, நீட்ட வேண்டும். நீட்டுகிற திசையில் நம் காடு இருந்தது. அய்யன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. "ஊருக்கே வருது, நமக்கு மட்டுமா" என்றார். குன்னூரில் எஸ்டேட்டை ஒட்டி மளிகைக்கடை வைத்திருந்த சித்தப்பா, தன்னோடு வந்துவிடச் சொன்னார். தீபாவளி முடிந்ததும் சட்டி பானையோடு மலையேறினோம். கல்லாறு தாண்டியதும் அம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. வண்டியை நிறுத்தி அவள் கீழே பார்த்தபோது, வெயிலில் எங்கோ ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. ஓடுபாதைதான் என்று அவள் சொன்னாள். இருக்காது என்று அய்யன் சொன்னார்.

உன்னை அப்படியே விட்டுவிட்டு வரவில்லை அக்கா, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஊரை விட்டுப் போகிறவர்கள் சாமி இருக்கும் இடத்தில் ஒரு பிடி மண்ணெடுத்துக்கொண்டு போய், புது இடத்தில் வைத்துக் கல் நட்டால் சாமியும் கூடவே வந்துவிடும் என்பது நம் வகையில் வழக்கம். அதைக் கண்ட நாளில் எடுக்கக் கூடாது. தை பிறக்கட்டும், வளர்பிறை வெள்ளியாகப் பார்த்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அய்யன் தள்ளிப்போட்டிருந்தார். வேலையை அந்தக் கோடியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், நம் பக்கம் வரப் பங்குனி ஆகிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியும் இருந்தார்கள். தை வெள்ளியன்று தனியாகக் கீழே இறங்கினார். மறுநாள் மஞ்சள் துணியில் முடிந்த மண்ணோடு வந்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, முடிச்சைப் பிரித்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பின்புறம் போய்க் குழி தோண்டினாள்.

கல் நட்டோம். கும்பிட்டோம். நீ வரவில்லை.

அதாவது, கனவில் வரவில்லை. மலையேறிய பிறகு ஒரு வருடம்கூட நீ அம்மாவுக்கு நிறம் சொல்லவில்லை. அவளாக ஏதோ ஒரு நிறத்தில் வாங்கிக்கொண்டு வருவாள், அது உனக்குப் பிடித்ததா இல்லையா என்று நாள் முழுக்கத் தவிப்பாள். முதல் தையிலேயே படையலில் ஒரு ஸ்வெட்டரைச் சேர்த்துவிட்டாள். "கீழ்நாட்டுப் புள்ள. இந்தக் குளிர்ல எப்புடி வெளிய வருவா?" என்றாள். அடுத்த வருடம் காதுக்குக் குல்லாய், அதற்கடுத்த வருடம் காலுறை. பாவாடை சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக் கன்னி கும்பிட்ட குடும்பம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். பழையது இப்போது போய்ச் சேர்கிற எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் யோகம். உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பனிமூட்டத்துக்குள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் முதுகைப் பார்த்தால் எனக்கு ஒரு கணம் திக்கென்று இருக்கும்.

இனி உன் ஊர் சேதி. எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறாயா? நான் கட்டிக்கொண்டது ஒரு டாக்சிக்காரரை. நம் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை துரைசாமி, குன்னூர் ஸ்டாண்டில் வண்டி. கோயமுத்தூர் விமான நிலையத்துக்குப் போகாத வாரம் கிடையாது. நீ இருக்கும் இடம் வளர்ந்த கதை முழுக்க அவர் வாய்வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஓடுபாதையை நீட்டி முடித்துத் திரும்பத் திறந்த புதிதில் ஒரே ஒரு கூடம்தானாம். வந்தவர்களும் போகிறவர்களும் முட்டிக்கொள்வார்களாம். பம்பாயிலிருந்து தேயிலை வாங்க வருகிறவர்கள், திருப்பூர் பனியனுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் லவ்டேல் போர்டிங்குக்குப் போகிற பணக்காரப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் இரும்புப் பெட்டியைத் தூக்கி வண்டி மேல் கட்டி அவருக்கு இடுப்பே போய்விட்டது. பிறகு சார்ஜாவுக்கு நேரே விமானம் விட்டார்கள். அன்றிலிருந்து வாசலில் திருவிழாக் கூட்டம் என்றார். கூடலூர், பாலக்காடு பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாகச் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். வெளியே வருகிறவனைக் கட்டிப்பிடித்து அழுவார்கள், போகிறவனைக் கட்டிப்பிடித்தும் அழுவார்கள். பிறகு சிங்கப்பூர் வந்தது. கூரை உயர்ந்தது, சுவரெல்லாம் கண்ணாடி ஆனது, இரவும் பகலும் விளக்கு. சர்வதேச விமான நிலையம் என்று பலகை வைத்தார்கள். இன்னும் நீட்டப்போகிறார்களாம், பெரியப்பா வகைக் காட்டையும் அளந்து கல் போட்டாயிற்று.

"ஏனுங் மாப்பிள்ளை, அங்க உள்ள வேப்பமரம் கீது எதாச்சும் கண்ணுக்குத் தெம்படுதுங்களா?" என்று அவர் திரும்பி வரும்போதெல்லாம் அம்மா கேட்பாள். "ஓடுபாதைல எங்கீங்க அத்தை மரம்? புல்லுதான் இருக்குது" என்பார். ஒரு நாள் விளையாட்டாக, "உங்க பெரிய பொண்ணு மேலதானுங்க எனக்குப் பொழப்பே ஓடுது" என்று சொல்லிவிட்டார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இவருக்கு முகம் சுண்டிவிட்டது. நீ எங்களோடு மலைக்கு வந்துவிட்டதாக எல்லோரும் நம்புவதாக நான் நினைத்திருந்த காலம் அது, அதனால் அம்மா அவரிடம் வேப்பமரத்தை ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விட்டுவந்த காட்டின் ஏக்கம் என்று நினைத்தேன்.

அய்யன் படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்கு ஓர் உண்மை தெரிந்தது. ஒரு மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அன்னிக்குப் போனன் பாரு, மண்ணெடுக்க. அங்க ஒண்ணுமே இல்ல கண்ணு. மேடும் இல்ல, கெணறும் இல்ல, வேம்பும் இல்ல. மிசின உட்டு எல்லாத்தையும் ஒண்ணாட்ட நெரவி வெச்சிருந்தாங்க. எம் புள்ள எங்க கெடக்கறான்னு எனக்கே தெரியல. வெறுங்கையோட போயி உங்கம்மா முன்னால எப்புடி நிப்பேன்? கால் நின்ன எடத்துல ஒரு புடி எடுத்து முடிஞ்சுட்டேன்" என்றார்.

நல்ல நாள் பார்த்ததுதான் வினையாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதார். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருடத்தில் அதை நான் வெளியே விடவில்லை. ஒவ்வொரு தையிலும் அம்மா அந்தக் கல்லுக்கு முன்னால் கையேந்தி, "ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டு சாமி" என்று கெஞ்சும்போது பொங்கல் பானையைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன். அது யாருடைய மண்ணோ அக்கா? யாருக்கோ நாம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோமா? அங்கே நீ தனியாக இருந்தாயா?

போன புரட்டாசியில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. சென்னையில் வேலையில் இருக்கும் என் மகன் பிரபு, அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்று எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் போட்டுவிட்டான். ரயிலில் அத்தனை நேரம் அவளால் உட்கார முடியாது. அம்மாவிடம் சொன்னேன். எங்கிருந்து ஏறுவது என்று கேட்டாள். கோயமுத்தூர்தான் என்றேன். "அங்கயா?" என்றாள். பிறகு அவளாகவே போய்த் தலைக்குக் குளித்தாள், அந்தக் குளிரில், அந்த மூச்சிரைப்போடு.

இவர்தான் வண்டி ஓட்டினார். விமான நிலைய வாசலில் இறங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். மஞ்சப்பைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். உள்ளே சக்கர நாற்காலி கொண்டுவந்த பெண்ணுக்கு நம் பக்கத்துப் பேச்சு. "ஆத்தா, செருப்பெல்லாம் கழட்ட வேண்டாங்க. செக்கிங்ல அவிய சொன்னா மட்டும் கழட்டுனாப் போதுங்க" என்றாள்.

"எம் பொண்ணு படுத்திருக்கற எடம் அம்முணி. செருப்போட எப்புடி நடக்கறது?" என்றாள் அம்மா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உள்ளே போய், கண்ணாடிச் சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் கேட்டேன். "ஏம்மா, அக்காதான் நம்மகூட மேல வந்துட்டாளே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கய்யன் கொண்டாந்தது செம்மண்ணு. எங்கிருந்தோ கொண்டாந்து கொட்டுன சரளை செம்மண்ணு. நம்ம காடு கரிசலாச்சே சாமி. அந்த முடிச்ச அவுத்த நிமிசமே தெரியும் எனக்கு."

"அப்புறம் ஏம்மா அய்யங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தேன். கேக்க முடியல."

நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரையோ வழியனுப்பிவிட்டு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாமல், அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் ரெண்டு பேரும் எத்தனை தை மாதத்தைக் கழித்திருக்கிறோம். பொய் மண்ணென்று தெரிந்தே எதற்கு ஸ்வெட்டர் போட்டுக் கும்பிட்டாய் என்று கேட்டேன். மண்ணு எதுவாக இருந்தால் என்ன, விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் என்றைக்காவது காதில் விழாதா என்றாள்.

விமானத்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை. விமானம் மெதுவாக ஓடுபாதையின் கடைசிவரை போய்த் திரும்பி நின்றது. வெளியே மழையில் நனைந்த புல்லும், தார்ப்பரப்பில் டயர் தேய்ந்த கறுப்பும், தூரத்தில் மதில் சுவரும்தான் இருந்தன. அம்மா கிணற்றைத் தேடினாள், வரப்பைத் தேடினாள், அந்த வேம்பு எங்கே இருந்திருக்கும் என்று விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஜன்னலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். விமானம் இரைந்துகொண்டு ஓட ஆரம்பித்ததும் அவள் என்னென்னவோ பேசினாள், அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டதா?

மேலே போன பிறகு கையை ஜன்னலிலிருந்து எடுத்தாள். "இத்தன வருசமும் அவளயே மேல வா, மேல வான்னு கூப்பிட்டுட்டு இருந்தன் பாரு. நான் கீழ போலாமேன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.

சென்னையில் கொஞ்ச நாள் தேறினாள். பேரன் வீட்டில் மெத்தையைக் குறை சொன்னாள், தண்ணீரைக் குறை சொன்னாள். நாங்கள் ஊருக்குத் திரும்புவது பற்றிக்கூடப் பேசத் தொடங்கியிருந்தோம். பிறகு ஒரு விடிகாலை மறுபடி மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அடுத்த நாள் முடிந்துவிட்டது. கொண்டுபோய் எரிப்பது குன்னூரில் அய்யனை எரித்த இடத்தில்தான் என்று சொந்தம் எல்லாம் சொன்னது. அம்மாவைப் பெட்டியில் வைத்து நாங்கள் வந்த விமானத்திலேயே ஏற்றினார்கள். மேலே நானும் பிரபுவும் உட்கார்ந்திருந்தோம், காலுக்குக் கீழே எங்கோ அவள் இருந்தாள். கோயமுத்தூரில் இறங்கி ஓடுபாதையில் சக்கரம் பட்டதும் ஒரு குலுக்கல் குலுங்கியது. எல்லோரும் போனை எடுத்தார்கள். நான் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

சரக்கு எடுக்கும் பக்கத்து வாசலில் இவர் ஆம்புலன்சோடு வந்து நின்றார். சித்தப்பா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அடுத்து நான் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருந்தது. வெளியூரில் உயிர் போனவர்களை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, வண்டி மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் பெற்ற பிள்ளை பெட்டியில் கைவைத்து, ஊட்டுக்குப் போலாம் வாங்க என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் உயிர் அந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளும், உடம்பு மட்டும்தான் ஊர் போய்ச் சேரும் என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூப்பிட்டேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியை இறக்கியபோதும் கூப்பிட்டேன்.

இங்கே எனக்கு வாய் வரவில்லை. வரவில்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும், நான் வரவிடவில்லை. "கூப்பிடு மரகதம், மழ வலுக்குது, மலையேறணும்" என்றார் இவர். சித்தப்பா வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்ணு கூப்பிடோணும், நேரமாவுது" என்றார். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு விமானம் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, ஓடுபாதை இருந்த பக்கமாகத் திரும்பி நின்று, "சரசக்கா, அம்மா வந்திருக்காங்க" என்று சொன்னேன்.

பெரியவர் என்னவோ சொல்ல வந்தார். இவர் அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினார். பர்லியார் வளைவுகளில் வண்டி ஆடும்போது பிரபு பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தான். நான் பிடிக்கவில்லை.

இவ்வளவும் நடந்து ஒரு மாதம் ஆகிறது. செய்தது சரியா என்று யாரிடம் கேட்பேன்? அய்யன் மலையில் எங்களோடு இருந்தால், அவரைத் தனியாக விட்டுவிட்டேனா? இல்லை, அவரும் என்றைக்கோ உன் கால்மாட்டைத் தேடிக்கொண்டு கீழே வந்துவிட்டாரா? இங்கே பின்புறம் போனால் கல் மட்டும் இருக்கிறது. அதன் மேல் பனி இறங்குகிறது, நான் துடைக்கிறேன். வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது அக்கா.

அம்மாவுக்கு அந்த இடத்தில் ஒன்றும் அடையாளம் தெரியாது. அவளுக்குத் தெரிந்த கிணறும் வரப்பும் இல்லை. நீதான் அந்தத் தகரக் கூரையிலிருந்து இந்தக் கண்ணாடிச் சுவர்வரை கூடவே இருந்து பார்த்தவள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. சத்தத்துக்குப் பயப்படுவாள், பழகிவிடும் என்று சொல்லு.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி மலையிலிருந்து உங்களைக் கூப்பிட மாட்டேன். தை வெள்ளிக்கு நானே கீழே வந்து மதிலோரம் நின்று பேசிவிட்டுப் போவேன். எனக்கும் ஒரு நாள் முடியும் அல்லவா? அன்றைக்கு என் பிள்ளை எங்கே நின்று என்னைக் கூப்பிட வேண்டும், எங்கே கூப்பிடாமல் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இப்போதே அவனிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

உன்னைவிட மூத்துப்போய்விட்ட
உன் தங்கை
மரகதம்